காழும் வெளிறும் – அடுக்களை மரங்களின் கதை

தொல்காப்பிய மரபியலில் மரத்திற்கு ஓர் இலக்கணம் உண்டு. அகத்தே காழ் உடையவை மரம். புறத்தே காழ் உடையவை புல். காழ் என்றால் வயிரம், உறுதியான பகுதி. இதன்படி வேங்கையும் கருங்காலியும் மரங்கள். தென்னையும் பனையும் கமுகும் மூங்கிலும், எத்தனை உயரம் நின்றாலும், புல்லினத்தவை. இன்றைய தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று பிரிப்பதோடு இது பெரிதும் ஒத்துப்போவதைக் கண்டு வியந்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் குறைவில்லை. வியப்பு நியாயமானதுதான். ஆயினும் அந்தச் சூத்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். இது இலையைக் கண்டோ பூவைக் கண்டோ எழுந்த பிரிவன்று. வெட்டிய முகத்தை விரலால் தடவிப் பார்த்தவன் செய்த பிரிவு. கோடாலியும் வாய்ச்சியும் பிடித்த கைக்குத்தான் ஒரு மரம் உள்ளே கடினமா வெளியே கடினமா என்பது முதற் கேள்வியாக இருக்க முடியும். இலக்கணம் தச்சனிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது என்பேன்.

அந்தத் தச்சன் செய்தவற்றில் கோயில் தேரும் கதவும் ஓரளவு எஞ்சியிருக்கின்றன. அடுக்களைக்குச் செய்தவை எஞ்சவில்லை. உலக்கை தேய்ந்தால் அடுப்புக்குள் போகும். அகப்பை உடைந்தாலும் அதே கதிதான். மண்ணில் புதைந்தவற்றைக் கறையானும் பூஞ்சையும் விடுவதில்லை. நம் நாட்டு அகழாய்வுகளில் பானை ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்க, மரப்பொருள் அருகியே கிடைப்பதன் காரணம் இதுதான். கேரளத்துப் பட்டணத்தில் 2007-இல் ஒரு மரத்தோணி வெளிப்பட்டதென்றால், அது நீர் ஊறிய சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்தமையால். செங்கடற்கரையில் பெரெனிகேயில் இந்தியத் தேக்கு கிடைத்ததென்றால், அது பாலைவன வறட்சியால். இரண்டுக்கும் நடுப்பட்ட ஈரமும் வெயிலும் மாறிமாறி வரும் நம் மண்ணில் ஒரு மத்தைத் தேடுவது வீண். ஆக, தமிழர் அடுக்களையின் மரக்கருவிகளைப் பற்றி நம்மிடம் உள்ள பழஞ்சான்று பெரும்பாலும் சொற்களே. சொல்லின் பொருள் மறந்துபோனால் அந்தச் சான்றும் போய்விடும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கவலையே.

*

பத்துப்பாட்டில் இரண்டு உலக்கைகள் வருகின்றன. முதலாவது பெரும்பாணாற்றுப்படையில். எயினர் குடியிருப்பு அது. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து வருகிறார்கள். பார்வை மான் கட்டப்பட்டிருக்கும் விளாமரத்து நிழலில், முற்றத்தில், நிலத்தையே குழித்து அமைத்த உரலில் அதை இட்டு, காழ் பொருந்திய குறிய உலக்கையால் குற்றுகிறார்கள். இரண்டாவது சிறுபாணாற்றுப்படையில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் பாணர்களைத் தடுத்து நிறுத்தி, நண்டுக் கறியோடு வெண்சோறு இடுகிறாள். அந்த அரிசி, கரிய காழ் கொண்ட உலக்கையால், அதன் இரும்பு முகம் தேயுமளவு குற்றித் தீட்டியது என்று நல்லூர் நத்தத்தனார் சொல்கிறார்.

இரண்டு புலவர்களுமே உலக்கைக்கு அடையாகக் காழ் என்ற சொல்லைத்தான் தேர்ந்தார்கள். நீளம், அழகு, ஓசை என எதையும் சொல்லியிருக்கலாம். உலக்கை என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்தது அதன் உள்மரம். அந்த அடைமொழி அலங்காரம் அன்று, தரக்குறிப்பு. வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வேட்டுவர் உலக்கை குறியது. பூண் பற்றிய பேச்சில்லை. உழவர் உலக்கை இரும்பு முகம் உடையது. புல்லரிசிக்கும் நெல்லுக்கும், முற்றத்துக் குழிக்கும் வளமனை உரலுக்கும் உள்ள தொலைவு இந்த இரண்டு அடைகளில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. புலவர்கள் எண்ணித்தான் வைத்தார்களா என்று கேட்டால், எண்ணாமலே அமைந்திருந்தால் சான்றாக இன்னும் வலியது என்பதே என் விடை.

இரும்பு முகம் ஏன்? மரத்தை ஒரு கட்டு வைக்கோல் போல எண்ணிக்கொள்ளுங்கள். நார்கள் அனைத்தும் அடியிலிருந்து நுனிக்கு ஓடுகின்றன. உலக்கையில் நார்கள் நீளவாட்டில் நிற்க, அடிபடுவது நார்களின் முனை. அந்தத் திசையில் மரம் மிக வலியது, வளையாது, நசுங்காது. ஆனால் அடிக்க அடிக்க முனையில் நார்கள் பிரிந்து துடைப்பம்போல் விரியத் தொடங்கும். அதைத் தடுக்கவே இரும்புப் பூண். பூண் நார்களைச் சுற்றி இறுக்குகிறது. உலர்ந்த மரத்தில் காய்ச்சிய இரும்பு வளையத்தைச் செருகிக் குளிரவிட்டால் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். உலர்ந்த மரம் என்பது இங்கே முக்கியம். பச்சை மரத்தில் பூண் போட்டால் சில மாதங்களில் மரம் வற்றிப் பூண் கழன்று விழும். எனவே ஆமூர்ப் பெண்ணின் உலக்கை, வெட்டிப் பல காலம் நிழலில் கிடந்து ஆறிய மரம் என்று துணிந்து சொல்லலாம்.

சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் வள்ளைப்பாட்டிலும் உலக்கைகள் வருகின்றன. ஆனால் அங்கே புகார் மகளிர் கரும்பால் குற்றுகிறார்கள், மதுரை மகளிர் பவழத்தால், வஞ்சி மகளிர் சந்தன உரலில் யானைக் கொம்பால். குற்றுவதும் நெல் அன்று, முத்து. மூவேந்தர் வளத்தைப் பாட வந்த இடத்தில் இளங்கோ உண்மையான உலக்கையை ஒதுக்கிவிட்டார். அழகான பாட்டுத்தான். அடுக்களை வரலாற்றுக்கு அது உதவாது. சந்தன உரலில் இடித்த எதையும் வாயில் வைக்க முடியாது என்பதை எந்தத் தமிழ்ப் பெண்ணும் அவருக்குச் சொல்லியிருப்பாள்.

*

காழுக்கு எதிர்ச்சொல் வெளிறு. மரத்தின் புறவளையத்தில் வெளுத்து, மென்மையாக, நீர் ஓடும் பகுதி. மரம் வளர வளர உள்வளையங்களின் உயிரணுக்கள் மடிகின்றன. மடியுமுன் அவற்றில் பிசினும் துவர்ப்பொருளும் நிறப்பொருளும் படிகின்றன. அதுவே காழ். செத்த பகுதிதான் வலிய பகுதி என்பது மரத்தின் விந்தை. வெளிறு உயிரோடிருக்கும் பகுதி. ஆகவே அதில் மாவுச்சத்து தேங்கியிருக்கும். மாவு இருக்குமிடத்துக்கு வண்டு வரும். வெளிறோடு செய்த அகப்பை ஓரிரு மழைக்காலத்துக்குள் துளைவிட்டு மாவாய் உதிர்கிறது. உளுத்துப்போதல் என்று நாம் சொல்வது இதைத்தான். 'உளுத்துப்போன வாதம்' என்று மேடையில் முழங்குபவர்கள் ஒரு மரவண்டின் பெயரால் பேசுகிறார்கள்.

புறநானூற்றில் (23) கல்லாடனார், தலையாலங்கானத்து நெடுஞ்செழியனின் யானை கட்டப்பட்ட தறியை வெளிறு இல்லாத வன்காழ் கொண்டது என்கிறார். யானை இழுத்தாலும் முறியாத தறிக்கு வெளிற்றைச் செதுக்கி நீக்கியிருக்கிறார்கள். இதே சொல் திருக்குறளில் (503) வேறொரு வேலை செய்கிறது. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவர் எனப்படுவாரிடத்தும், ஆராய்ந்து பார்த்தால் வெளிறு இல்லாமை அரிது என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் முதலானோர் அறியாமை எனப் பொருள் கொள்வர். சரியான பொருளே. ஆனால் 'ஆராய்ந்து பார்த்தால்' என்ற அந்த நிபந்தனையோடு சேர்த்துப் படியுங்கள். மரக்கடையில் ஒரு தடியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் கை தெரிகிறதா? எவ்வளவு முற்றிய மரமாயினும் ஓரத்தில் வெளிறு இருந்தே தீரும். அது மரத்தின் குற்றமன்று, இயல்பு. தச்சன் அதை அறிந்து, நீக்கிவிட்டு, காழை எடுத்துக்கொள்கிறான். அமைச்சர்களைத் தேர்வது பற்றிய அதிகாரத்தில் இந்தச் சொல் வருவது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 'வெளிறு = அறியாமை' என்று மட்டும் அருஞ்சொற்பொருள் எழுதிவிட்டால் இந்தக் கை மறைந்துவிடுகிறது.

வயிரம் என்ற சொல்லுக்கும் இதே ஆபத்து நேர்ந்திருக்கிறது. 'வயிரம் பாய்ந்த கட்டை' என்று கிராமத்துப் பெரியவர்களைச் சொல்வதுண்டு. நகரத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவரிடம் பொருள் கேட்டபோது, வைரக்கல்போல மின்னும் உடம்பு என்றார்.

*

எந்த வேலைக்கு எந்த மரம் என்பதில் நம்மவர்கள் காட்டிய நுட்பம் எழுதப்படவே இல்லை. கையிலிருந்து கைக்கு வந்தது. உலக்கைக்குக் கருங்காலி, இது பழமொழி வரை ஏறிவிட்டது. கருங்காலி உலக்கைக்கு வெள்ளிப்பூண் என்பார்கள், தரமான பொருளுக்கு மேலும் சிறப்புச் செய்வதை. கருங்காலிக் கட்டைக்கு மழுங்காத கோடாலியும் வாழைத்தண்டுக்கு மழுங்குமென்று ஔவை, மாடு மேய்க்கும் சிறுவனிடம் நாவற்பழத்தில் தோற்ற கதையில் பாடியதாக வரும் தனிப்பாடலும் அந்த மரத்தின் கடினத்தை நம்பியே நிற்கிறது. ஒரு சிக்கலும் உண்டு. கருங்காலி என்ற பெயரை எபனி மரத்துக்கும் தமிழ் வழங்குகிறது, காசுக்கட்டி எடுக்கும் முள்மரத்துக்கும் வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். இரண்டுமே கருத்த, கனத்த காழ் உடையவை. பழைய உலக்கைகளில் எது எது என்று பார்த்தவுடன் சொல்வது அரிது. சில ஆண்டுகளாகக் கருங்காலி மாலை வாங்கிக் கழுத்தில் அணியும் மோகம் பரவியிருக்கிறது. உலக்கையாய் இருந்தவரை யாரும் போலி செய்யவில்லை. மாலையானதும் கரிய சாயம் தோய்த்த கட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. உலக்கை முதல்நாளே தன் உண்மையைச் சொல்லிவிடும் என்பதுதான் காரணம்.

எண்ணெய்ச் செக்குக்கு வாகை. அஞ்சறைப் பெட்டிக்கும் உப்பு மரவைக்கும் பலா முதலியன. பலாவின் காழ் மஞ்சளாய், இலேசாய், வேலைக்கு இணங்குவதாய் இருக்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதுவே. இறைச்சி வெட்டும் கட்டைக்குப் புளி. இந்தக் கடைசி ஒன்றை இன்றும் நம் ஊர்க் கறிக்கடைகளில் பார்க்கலாம். இங்கே பேசும் மரபில் குன்றாமல் வாழ்ந்துகொண்டிருப்பது அநேகமாக அது ஒன்றே. புளியமரத்தை நெடுக்கே அறுத்த பலகை அல்ல அது. அடிமரத்தைக் குறுக்கே துண்டித்த உருளை. கத்தி நார்முனைகளின் மேல் விழுகிறது. முனைகள் விலகி இடம் கொடுத்து, கத்தியை எடுத்ததும் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. பலகையானால் வெட்டு ஒவ்வொன்றும் நாரைத் துண்டித்துச் சிராய் கிளப்பும். புளியில் நார்கள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடப்பதால் உருளை எளிதில் பிளப்பதுமில்லை. தாய்லாந்திலும் வெட்டுக்கட்டைக்குப் புளிதான் பேர்போனது. யாரிடமிருந்து யார் கற்றார் என்று ஆராய வேண்டியதில்லை. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே விடை.

பூவரசும் இப்படித்தான் கடல் கடந்து பேசுகிறது. ஹவாய்த் தீவினர் அதை மிலோ என்பர். சேம்பங்கிழங்கை இடித்துக் கூழாக்கி வைக்கும் கலங்களை அந்த மரத்தில் குடைந்தார்கள். உணவுக்குத் தன் சுவையை ஏற்றாத மரம் என்பதே அதை அவர்கள் மதித்ததற்குக் காரணம். ஐரோப்பியப் பால்பண்ணைகளில் வெண்ணெய்க் கருவிகளுக்குச் சிகமோர் மரத்தை எடுத்ததும் இதே காரணத்தால். அடுக்களை மரத்தின் முதல் தகுதி வலிமை அன்று, வாயடக்கம். எட்டி, அலரி, தில்லை ஆகிய நஞ்சு மரங்களை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுவராததும் அந்த அறிவின் மறுபக்கம்.

*

சுவை என்றதும் அகப்பையைப் பற்றி ஒரு வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கிறது. நாலடியார், அறவுரையின் அருமை அறியாத பேதையைப் பாற்கூழின் சுவையறியாத மூழைக்கு ஒப்பிடுகிறது. மூழை என்பது அகப்பையின் பழம்பெயர். பல நூற்றாண்டுகள் கழித்துச் சிவவாக்கியர், கறிச்சுவையைச் சட்டியும் சட்டுவமும் அறியுமா என்று கேட்கிறார். இருவரும் அகப்பைக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். மர அகப்பை சுவையை நன்றாக அறியும், அதுதான் தொல்லையே. மீன்குழம்பு கிண்டிய அகப்பையால் பாயசம் கிண்டிப் பார்த்தால் தெரியும். மரம் முழுவதும் நுண்குழாய்கள். எண்ணெயையும் புளியையும் மஞ்சளையும் அது உறிஞ்சி நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் பல வீடுகளில் இனிப்புக்கு ஒரு துடுப்பு, கறிக்கு ஓர் அகப்பை என்று தனித்தனியே மாட்டியிருப்பார்கள்.

இந்தத் தொல்லை தெரிந்தும் மரத்தை ஏன் விடவில்லை? புளிப்புதான் காரணம். வெண்கலத்திலும் பித்தளையிலும் தயிரோ புளியோ நேரம் தங்கினால் களிம்பேறும். ஈயம் பூசிப் பூசி அதைச் சமாளித்தார்கள். மரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. மண்சட்டியையும் கல்சட்டியையும் உலோகக் கரண்டி சுரண்டும், மரம் சுரண்டாது. பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்மகள் விடியலில் கடையும் மத்தின் ஓசை புலியின் முழக்கத்துக்கு ஒப்பிடப்படுகிறது. நாள்தோறும் புளித்த தயிரில் முழுகி, கழுத்தில் கயிறு இருபுறமும் உராய, சுழன்றுகொண்டேயிருக்கும் அந்தத் தண்டு வழவழப்பாகவும் இருக்க வேண்டும், கயிற்றுக்குத் தேயாமலும் இருக்க வேண்டும். காழ் இல்லாத கட்டை அங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

எளியவர் வீட்டு அகப்பை சிரட்டை. முற்றிய கொட்டாங்கச்சியின் நாரை வழித்து, இரண்டு துளையிட்டு, மூங்கில் அல்லது கமுகம் காம்பைச் செருகினால் போதும். தொல்காப்பியர் புல் என்று ஒதுக்கிய இனத்திலிருந்தே மொத்தக் கருவியும் கிடைத்துவிடுகிறது. புறக்காழ் ஆதலால் காம்பைத் தோலோடு வைத்துக்கொள்ள வேண்டும். செதுக்கி அழகாக்கினால் வலிமை போய்விடும். மரத்தில் புறத்தை நீக்க வேண்டும், மூங்கிலில் புறத்தைக் காக்க வேண்டும். சூத்திரத்தின் செய்முறை விளக்கம் இதைவிட வேண்டுமா?

*

இனி மெருகு. வெட்டிய தடியைக் குளத்தில் ஊறவைப்பது முதல் படி. ஊறும்போது மாவும் சர்க்கரையும் கரைந்து வெளியேற, வண்டுக்கு இரையில்லாமல் போகிறது. மூங்கிலுக்கு இது மிகவும் அவசியம். பிறகு நிழலில் மெல்ல ஆற வேண்டும். வெயிலில் போட்டால் புறம் முந்திக்கொண்டு சுருங்கிப் பிளந்துவிடும். ஆறிய மரமும் முழுதாய் அடங்கிவிடுவதில்லை. ஆடி மாதக் காற்றில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். மரக்கால் என்ற அளவையின் பெயரிலேயே மரம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் மரக்காலை இராசகேசரி அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்கின்றன. அளவை எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய நிற்க வேண்டுமே என்ற கவலை ஓர் அரசுக்கு இருந்தால், அதில் பாதி மரத்தச்சன் தலையில் விழும். மரப்படிகளின் வாய்க்கு உலோக விளிம்பு கட்டும் வழக்கத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உளியின் தடம் போக, மணல்தாள் வருமுன் தேய்த்தது எதனால்? இலையால். பிராய் அல்லது பராய் என்னும் மரத்தின் இலை அரம்போல் சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் அதனால் தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள். காவிரிக்கரைத் திருப்பராய்த்துறையின் பெயரும் தலமரமும் அதுதான். சன்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் வெப்பாலை இனத்து மரத்தில் பொம்மை கடைந்து, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டில் உருகிப் படிந்த வண்ணத்தைத் தாழை மடலால் மினுக்குகிறார்கள். நம் அம்பாசமுத்திரம் மரச்செப்புகளும் அந்தக் குலத்தவையே. உரல், அம்மி, மத்து என ஓர் அடுக்களையே அங்கே உள்ளங்கையளவில் இருக்கும். ஆனால் அசல் அகப்பைக்கு அரக்கு ஏற்றப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொதிக்கும் குழம்பில் அரக்கு இளகிவிடும். விளையாட்டுச் சாமானுக்கு அரக்கு, வேலைச் சாமானுக்கு எண்ணெய்.

எந்த எண்ணெய் என்பதிலும் ஓர் அறிவு இருக்கிறது. ஐரோப்பியர் ஆளிவிதை எண்ணெயையும் சீனர் துங் எண்ணெயையும் பூசினார்கள். அவை காற்றுப் பட்டு இறுகித் தோல்போல் படரும். தேங்காயெண்ணெய் இறுகுவதே இல்லை. அதே சமயம் எளிதில் காறுவதுமில்லை. ஆகவே அடிக்கடி தடவ வேண்டும், தடவினால் கெடுதியில்லை. நல்லெண்ணெய் நடுப்பட்டது, நாளானால் பிசுபிசுத்துக் காறும். புதிய மரச்சாமானை அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பழக்குவார்கள். கஞ்சியின் பசை நுண்துளைகளை அடைக்கிறது. புதிய உரலில் முதலில் தவிட்டை இடித்துக் கொட்டிவிட்டுத்தான் நெல்லை இடுவார்கள். 'பழக்குதல்' என்ற சொல்லையே பாருங்கள். மாட்டுக்கும் மரத்துக்கும் ஒரே வினை.

*

இந்த மரபு உலக்கையிலிருந்து முறிந்தது. நெல் அரைக்கும் இயந்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியபோது, அதை வெறும் வசதியாகப் பார்க்க மறுத்தவர்களில் ஒருவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். கைக்குத்தல் அரிசி அவரது முதன்மையான வழக்குகளில் ஒன்று. தவிட்டோடு போகும் சத்தும், உலக்கையோடு போகும் பெண்களின் கூலியும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு வரிகள். ஆலைகள் பெருகுவதைக் கட்டுப்படுத்த 1958-இல் நடுவணரசு ஒரு சட்டமும் இயற்றியது. அதற்குள் கை ஓய்ந்துவிட்டிருந்தது. உலக்கை இடித்த தோள்களின் வலியை நாம் மறந்துவிட்டு ஏங்குவதும் முறையன்று; 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபோது எந்தக் கிழவியும் உரலுக்காக அழுததாகத் தெரியவில்லை.

அகப்பையின் கதை வேறு. அதை எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வென்றது உழைப்பைக் குறைத்து அன்று, தூய்மை என்ற பெயரில். 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் உடனாய்வாளர்களும் மரப்பலகையிலும் பிளாஸ்டிக் பலகையிலும் நுண்ணுயிர்களை இட்டுப் பார்த்தார்கள். மரம் அவற்றை உள்ளே உறிஞ்சி உலர்த்திக் கொன்றது; கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் அவை பிழைத்திருந்தன. ஆய்வைத் தொடங்கியபோது அவர்கள் எதிர்பார்த்தது இந்த முடிவை அல்ல. இதன் பின்னும், ஒட்டாத பூச்சுள்ள வாணலிகள் வந்த பின்னும், மரக்கரண்டி திரும்பி வந்திருக்கிறது. பளபளப்பாக, சாயமேற்றி, எந்த மரம் என்ற குறிப்பே இல்லாமல். அடுத்தமுறை ஒன்றை வாங்க நேர்ந்தால் காம்பின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இருநிறம் தெரிந்தால் வெளுத்தது வெளிறு, கருத்தது காழ். ஒரே நிறமாய் மினுங்கினால், நகத்தால் சற்றுக் கீறிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.